அடுத்த இருக்கை

வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்து வரலாம். செண்பகவல்லி தன் ஐந்து வயது மகள் மகிழினியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். இங்கே அவள் கையை அசைத்தால் ஏதோ ஒரு வீட்டில் இயந்திர ஆயாவின் கை அசையும். திரையில் தெரிந்த குழந்தைக்கு இட்லி ஊட்டத் தொடங்கினாள்.

கூடத்தில் நூறு பெண்களுக்கும் இதே வேலைதான். யாருக்கு எந்த வீடு என்று வெளியில் சொல்லக் கூடாது. மகிழினியைப் பார்த்துக்கொள்வதும் இப்படி ஓர் ஆயாதான்.

அடுத்த இருக்கையில் சபீனா மேசையில் விரல்களால் தாளம் போட்டபடி சும்மா இருந்தாள்.

"என்னக்கா, வேலை இல்லையா?"

"நான் பாத்துக்கிற பாப்பா இன்னைக்கு அவங்க அம்மாகூட ஆபீசுக்குப் போயிருக்கு" என்றபடி திரும்பிய சபீனா, மகிழினியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள்.

மகிழினி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஆயா போடும் அதே தாளம். எழுந்து போய், சபீனாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டாள்.

"என்கிட்ட தலை வாரிக்கவே மாட்டாளே" என்றாள் செண்பகவல்லி.

சபீனாவின் விரல்கள் முடியை மூன்றாகப் பிரித்தன.

செண்பகவல்லி கையுறையைக் கழற்றப் போனாள். திரையில் அந்தக் குழந்தை அடுத்த துண்டுக்காக வாயைத் திறந்து காத்திருந்தது. அவள் இட்லியைப் பிட்டாள்.