புயல் பாக்கப் போறவ

"ஒவ்வொரு மே மாதமும் அமெரிக்காவுக்கு ஆரைப் பாக்கப் போறனீங்கள், பிள்ளை?"

முன்னறையில் எதிரே இருந்த கௌசியிடம் இப்படிக் கேட்டார் நகுலேஸ்வரி. 2007ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அது. மகன் சுஜீத்துக்குப் பெண் கேட்டு லண்டனின் டூட்டிங் பகுதியிலிருந்து லூயிஷாம் பகுதிக்கு வந்திருந்தார். சாதகம் பொருந்திவிட்டது. கௌசியைப் பிடித்துவிட்டது என்று சுஜீத்தின் முகமே சொன்னது. யாரோ காதில் போட்டுவிட்ட இந்தப் பயணக் கதை மட்டும்தான் அவருக்கு நெருடலாக இருந்தது.

கௌசியின் தாய் செல்வமலர் வடைத் தட்டை நீட்டியபடி மகளைப் பார்த்தார். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். காலையிலிருந்து வீட்டில் இதே பேச்சுத்தான்.

"கலியாணம் முடியுமட்டும் அந்தக் கதையை எடுக்காதை, கௌசி. கேட்டால் எழும்பிப் போயிடுவினம்."

கௌசிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஒருத்தரையும் பாக்க இல்லை, மாமி. புயல் பாக்கப் போறம்."

"என்னது?"

"டொர்னாடோ. வானத்துக்கும் நிலத்துக்கும் தூண் மாதிரி நிண்டு சுத்துற காத்து. கான்சாஸ், ஒக்லஹோமாப் பக்கம் எல்லாம் வெட்டவெளி. பாக்கிற இடமெல்லாம் வானம்தான். மே மாதம் அங்கை முகில் மலை மாதிரி எழும்பி, அப்பிடியே முழுசாச் சுழலும். நாங்கள் காரிலை அதுக்குப் பின்னாலை கலைச்சுக்கொண்டு போவம்."

நகுலேஸ்வரி நெஞ்சில் கை வைத்தார். "போன டிசம்பர் லண்டனிலேயே ஒண்டு வந்து கூரையளைப் பிச்சுப்போட்டுப் போச்சு. டிவியிலை பாத்தே நான் பயந்துபோனன். நீங்கள் அதைத் தேடிப் போறீங்களோ?"

சுஜீத் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தான். "நல்லாக் கிட்டப் போனனீங்களோ?"

"போன வருசம் ஒண்டு திடீரெண்டு எங்கடை பக்கம் திரும்பிட்டுது. மண் ரோட்டு, ஒரே சேறு. கார் திருப்ப இடமில்லை. அப்பிடியே ரிவேர்ஸிலை ஓடிச் சந்திக்கு வந்துதான் தப்பினது. தேசிக்காய் அளவிலை ஆலங்கட்டி விழுந்து முன் கண்ணாடி முழுக்க வெடிச்சுப்போச்சு. அதுக்குள்ளையும் வானிலை நிலையத்துக்குப் போன் எடுத்து, புயல் எந்தப் பக்கம் வருகுதெண்டு சொன்னம். அடுத்த ஊரிலை சைரன் ஊதி, சனம் எல்லாம் நிலக்கீழ் அறைக்குள்ளை இறங்கிட்டுது. வீடுகள் போச்சு. ஒரு ஆள்கூடச் சாகேல்லை."

சொல்லி முடிக்கும்போது அவள் குரல் நடுங்கியது. சுஜீத் அவளையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

நகுலேஸ்வரி செல்வமலரிடம் திரும்பினார். "அக்கா, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ? பொம்பிளைப் பிள்ளையை இப்பிடி விடலாமோ? ஊரிலை சத்தம் கேட்டாலே ஓடி ஒளிச்ச சனம் நாங்கள்."

செல்வமலர் குனிந்த தலையோடு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்குக் கௌசியைக் கட்டத்தான் விருப்பம்" என்றான் சுஜீத். "அவ போகட்டும். ஒரு ஊரையே காப்பாத்தியிருக்கினம். இதிலை என்ன பிழை?"

நகுலேஸ்வரி மகனைப் பார்த்தார். முப்பத்திரண்டு வயதாகியும் எந்தப் பெண்ணுக்காகவும் அவன் இப்படி வாய் திறந்ததில்லை. பெருமூச்சு விட்டார்.

"சரி. எனக்கும் பிள்ளையைப் பிடிச்சுத்தான் இருக்கு. ஆனால் ஒண்டு. கலியாணத்தோடை இதை விட்டிடோணும். விடுவீங்களோ, பிள்ளை?"

"நான் இப்பவே விடுவன், மாமி" என்றாள் கௌசி. "அந்த முகிலைக் கண்டாலே எனக்குச் சரியான பயம். தனிய விட மனமில்லாமல்தான் கூடப் போய், வரைபடம் பாத்து வழி சொல்லுறனான்."

"தனிய ஆரை?"

கௌசி வாய் திறக்குமுன் செல்வமலர் நிமிர்ந்தார்.

"என்னைத்தான், தங்கச்சி. கார் ஓடுறது நான். இவளின்ரை தகப்பன் ஊரிலை சண்டைக்குள்ளை செல்லடியிலை செத்த பிறகு, இடி முழங்கினாலே கட்டிலுக்குக் கீழை பூந்து கிடந்தனான். ஒருக்கா புயலுக்குக் கிட்டப் போய் நிண்டு பாத்தன், பயம் விட்டுப்போச்சு. பிள்ளை விடட்டும். என்னாலை ஏலாது."

நகுலேஸ்வரி கையில் எடுத்த வடையை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"மே மாதம் அங்கை குளிருமோ, சம்பந்தி?"