விலை குறைந்த அட்டை

என் முழங்கை இடித்து, மருந்துக்கடை மேசையிலிருந்த வைட்டமின் அட்டைகளெல்லாம் சரசரவென்று தரையில் கொட்டுகின்றன. "கடையையே வாங்கப்போறீங்களாக்கும்" என்றபடி என் மனைவி குனிகிறாள். வாசல் வெயில் வெள்ளி அட்டைகளில் பட்டு அவள் முகத்தில் ஆடுகிறது. ஓர் அட்டையை எடுக்கிறாள், நழுவுகிறது. மறுபடி எடுக்கிறாள், மறுபடியும் நழுவுகிறது. விரல் மரத்துப்போனது அவளுக்கு; தள்ளிவிட்டதென்னவோ நல்ல கை வைத்திருக்கும் நான். ஒரு காலத்தில் அவளுடைய இந்த விரல்கள் எங்கள் அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தில் அடைமழையாய்ப் பொழியும். அந்தச் சத்தம் கேட்கத்தான் நான் முன்னதாகவே போய்விடுவேன். மேலதிகாரி அதைக் கடமையுணர்ச்சி என்று நம்பினார். நான் பொறுக்கி வைத்த இரண்டு கம்பெனி அட்டைகளின் விலையை அவள் மாறிமாறிப் பார்க்கிறாள். "ரெண்டும் அதே பி வைட்டமின்தான், அளவும் ஒண்ணுதான். அட்டை பளபளப்புக்குத்தான் அந்தக் கூடுதல் விலை" என்கிறார் கடைக்காரம்மா. "ஆனா டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" மனைவி விலை குறைந்ததை எடுத்துக்கொள்கிறாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, சும்மா சத்துக்கு." இதையேதான் எனக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அவள் விரல்களைப் பிடித்துக்கொள்கிறேன். தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடுகிறது. "நிஜத்தைச் சொல்லு, வலிக்குதா?" அவள் குரலைத் தாழ்த்துகிறாள். "ராத்திரியெல்லாம் எரியுது. இப்ப நீங்க பிடிச்சிருக்கறதுகூடத் தெரியலை."