வாளுக்கு மாறிய மாமா

“மூணு வருஷமா மந்திரம் போட்டுட்டு இருந்த மனுஷன், இப்போ எதுக்கு மாமா வாளைத் தூக்கிட்டு அலையறீங்க?”

மைத்துனன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாமாவுக்கு நேரம் இல்லை. டி.வி. திரையில் ஓடிய வீடியோ கேமில் மலை மாதிரி ஒரு கல் பூதம் அவருடைய வீரனை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டிருந்தது.

“கேடயம், மாமா! கேடயத்தைத் தூக்குங்க!”

எங்கே தூக்கினார்? விழுந்தது ஒரு குத்து. வீரன் பொத்தென்று சாய்ந்தான்.

மாமா பல் செட் செய்பவர். அரிசி அளவு பல்லைக்கூட ராவி, நூல் பிசகாமல் பொருத்துகிற கை. அந்தக் கை ஒரு பட்டனை நேரத்துக்கு அமுக்க மாட்டேன் என்கிறதே என்று மைத்துனனுக்கு ஆற்றாமையாக இருந்தது.

திரையின் ஓரத்திலிருந்து வெள்ளை அங்கி போட்ட மந்திரக்காரி ஒருத்தி ஓடி வந்தாள். வீரன் பக்கத்தில் மண்டியிட்டு அவன் நெஞ்சில் கையை வைத்தாள். பச்சை வெளிச்சம் பரவியது. வீரன் பிழைத்து எழுந்தான். அவள் வந்த வேகத்தில் திரும்பிப் போனாள்.

அந்த மந்திரக்காரி, அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடும் மாமாவின் மனைவி. மைத்துனனுக்கு அக்கா.

இரண்டு பேரும் பேசிப் பத்தொன்பது நாள் ஆகிறது. அக்காவுக்கு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வேறு ஊர்க் கிளைக்கு அவளைத் தலைவியாக அனுப்புவதாக, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்தவர் மாமா. “அவங்க அவ்வளவு தூரமெல்லாம் வரமாட்டாங்க” என்று அவராகவே சொல்லி வைத்துவிட்டார். நாலு நாள் கழித்து விஷயம் அக்கா காதுக்கு எட்டியது. அவள் கத்தவில்லை, அழவில்லை. மேலதிகாரியைப் பார்த்து அந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். போனால் திரும்பி வருவாளா என்று கேட்கிற தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

அதுவரைக்கும் வீட்டுக்குள் தபால்காரன் மைத்துனன்தான். ‘என் சாவி எங்கேன்னு உங்க அக்காவைக் கேளு.’ ‘கண்ணுக்கு எதிர ஆணியில தொங்குதுன்னு உங்க மாமாகிட்ட சொல்லு.’ பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் என்று மேலும் கீழும் போய் வருகிறவன், மாலையில் இரண்டு அறைக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தான்.

விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. ஐந்து பேர் அணி அது. “அணியை நடுவுல விடக்கூடாது, அதுக்காகத்தான் ஆடறேன். வேற எதுவும் இல்ல” என்று அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள்.

“வெளிப்படையா சொல்றேன் மாமா. உங்களாலதான் அணி தோக்குது. வாள்னா கிட்டப் போகணும், அடிக்கணும், தடுக்கணும். உங்களுக்கு அது வரல. மந்திரவாதியா இருந்தப்போ உங்க மேல ஒரு கீறல் பட்டிருக்குமா? தூரத்துல நின்னே நெருப்பைக் கொட்டி எல்லாரையும் காலி பண்ணுவீங்களே! மறுபடியும் அதுக்கே மாறிடுங்க.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“எனக்கு வாள்தான் பிடிச்சிருக்கு.”

“பேச்சு நின்ன மறுநாள்லேருந்து, பதினெட்டு நாளாவா?”

மாமா வீரனை மறுபடி நேரே பூதத்தின் காலடிக்கு நடத்திப் போனார். பூதம் கையை ஓங்கியது. விலக நேரம் இருந்தது, கேடயம் தூக்கவும் நேரம் இருந்தது. மாமாவின் கட்டைவிரல் பட்டனுக்கு மேலே அசையாமல் நின்றதை மைத்துனன் இந்த முறை பார்த்துவிட்டான்.

“மாமா! வேணும்னே அடி வாங்கறீங்களா?”

“கத்தாதே மச்சான்.” மாமா அடுத்த அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “அடி படாதவனுக்கு எதுக்கு வைத்தியம்? மந்திரவாதியாவே இருந்தா அவ என் பக்கம் வரவே வேண்டியதில்ல. இப்போ விழுந்தா ஓடி வர்றா. பக்கத்துல உட்கார்றா. நெஞ்சுல கை வைக்கிறா. அஞ்சு செகண்ட்தான். இந்த வீட்டுல எனக்குன்னு மிச்சம் இருக்கறது அவ்வளவுதான்.”

“பேசாம ஒரு மன்னிப்பு கேட்டுடுங்களேன்.”

“மூணு தடவை கதவுகிட்டப் போய் நின்னேன். வாய் வரல. நான் பண்ணினது சின்னத் தப்பா?”

மைத்துனனுக்கு மனசு கேட்கவில்லை. இதைச் சொன்னால் அக்கா இளகிவிடுவாள் என்று எழுந்து போய் அடுத்த அறைக் கதவைத் தள்ளினான்.

பாதி அடுக்கிய பெட்டி கட்டிலில் திறந்து கிடந்தது. அக்கா ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, அணியைச் சேர்ந்த வில்லாளி ஒருவன் ரொம்ப தூரத்தில் அடிபட்டு விழுந்தான். அக்கா நின்ற இடத்திலிருந்தே ஒரு பட்டனை அமுக்கினாள். பச்சை வெளிச்சம் பறந்து போய் அவனை எழுப்பி விட்டது.

அடுத்த நிமிடம் மாமாவின் வீரன் விழுந்தான். வெள்ளை அங்கிக்காரி ஓட ஆரம்பித்தாள்.

மைத்துனன் சொல்ல வந்ததை மறந்தான். “அக்கா, அவனுக்கு இங்கேருந்தே வைத்தியம் பண்ணினியே! மாமாவுக்கு மட்டும் எதுக்கு அவ்வளவு தூரம் ஓடறே?”

அக்காவின் காது சிவந்தது.

“மெதுவா பேசு. இங்கேருந்தே பண்ணலாம்னு உங்க மாமாவுக்குத் தெரியாது” என்றவள், மந்திரக்காரியை இன்னும் வேகமாக ஓட விட்டாள்.