எட்டாம் லைனுக்கு லைன் இல்லை

தேயிலைத் தோட்ட ஆபீசில் டெலிபோன் போர்டு மேவிஸின் பொறுப்பு. யார் யாருக்கு வெளியே பேச இணைப்புக் கொடுக்கலாம் என்று மேனேஜர் துரை எழுதிய பட்டியல் போர்டின்மேல் ஒட்டியிருந்தது. தொழிலாளர் வீடுகளான எட்டாம் லைன் அதில் இல்லை.

எண்பத்தொன்றில், பெருமழையன்று, அங்கிருந்து அவள் அண்ணன் அருள்சாமி கூப்பிட்டான்.

“மண்ணு சரிஞ்சு பிள்ளைங்க மாட்டிக்கிச்சுங்க, தங்கச்சி. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு லைன் குடு லா.”

“எட்டாம் லைனுக்கு லைன் இல்லண்ணே. துரையக் கேட்டுட்டுக் குடுக்கறேன்.”

துரை தலையாட்டுவதற்குள் மலை மொத்தமாக இறங்கிவிட்டது. அண்ணன் உட்பட யாரும் மிஞ்சவில்லை. எட்டாம் லைனின் அறுந்த டெலிபோன் கம்பியைச் சுருட்டி ஸ்டோரில் போட்டார்கள்.

ஆனாலும் மழை பெய்யும் காலைகளில் போர்டில் அழைப்பு வந்தால் விழும் மூடிகளில் எட்டாம் எண்ணின் மூடி விழும். எடுத்தால் அதே குரல், அதே வார்த்தைகள். மூன்று வருஷமாக அவள் இணைப்பைத் துண்டித்து, மூடியைப் பழையபடி தூக்கி வைத்துவந்தாள்.

இன்று பட்டியலின் அடியில் ‘எட்டாம் லைன்’ என்று தன் கையாலேயே எழுதினாள்.

“இந்தா, குடுக்கறேண்ணே.”

ஆஸ்பத்திரிக்கு இணைத்தாள். மணி நான்கு தடவை அடித்தது. யாரோ எடுத்தார்கள். அண்ணன் மூச்சிரைக்கக் கெஞ்சினான்.

“எட்டாம் லைனுக்கு லைன் இல்லண்ணே,” என்றது மறுமுனையில் மேவிஸின் குரல். “துரையக் கேட்டுட்டுக் குடுக்கறேன்.”