அகலமான வண்டி

“ஒரு ஆள் வண்டி போதும்னு சொல்றேன்ல!”

“ரெண்டு பேர் உட்கார்ற வண்டிதான்னு நானும் சொல்றேன்ல!”

“வேட்டைக்குப் போறது நானா, நீயா?”

“முட்டி வலிக்குதுன்னு முனகறது நீயா, நானா?”

வண்டிக் கடையின் முற்றத்தில் ரெய்னோவும் அவர் மனைவி இர்மாவும் ஒருவர் பேச்சை மற்றவர் முடிக்கவிடவில்லை. குதிரையில் ஏறுவதுபோல் காலைத் தூக்கிப் போட்டு உட்காரும் நாலு சக்கர ஏடிவியை அவர் தடவிக்கொண்டிருந்தார். அவளோ பக்கத்தில் நின்ற சைடு-பை-சைடில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டாள். கூரை, ஹீட்டர், அருகருகே இரண்டு சீட்டு, பின்னால் சாமான் பெட்டி. பார்க்கச் சின்ன ஜீப் மாதிரி இருந்தது.

கடைக்கார டுவேன் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே நின்று விழித்தான். மூன்றாம் வகுப்பில் இர்மாவிடம் படித்தவன்.

“டீச்சர் சொல்றதும் சரிதான்…” என்று இழுத்தான்.

“நீ சும்மா இரு. அவ என்ன சொன்னாலும் உனக்குச் சரிதான். இன்னும் மார்க் போடுவான்னு நெனப்பு.”

நவம்பர் பதினைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. மிச்சிகனில் அன்றுதான் துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும். பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுவார்கள். அடித்த மானைக் கடைத்தெருவில் கட்டியிருக்கும் கம்பத்தில் தொங்கவிட, ஊரே சுற்றி நின்று கொம்பை அளக்கும். ஒன்பது வருஷமாக அந்தக் கம்பத்தில் ரெய்னோவின் மான் ஏறவே இல்லை.

“போன வருஷம் கம்பத்தடியில உன் தம்பி ஆர்வோ என்ன கேட்டான் தெரியுமா? ‘அத்தான், மானுக்குப் பதிலா நீங்களே தொங்கிடுங்களேன், எடை நல்லா நிக்கும்’கிறான். அத்தனை பேரும் சிரிக்கிறாங்க.”

“அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே வாய் நீளம்.”

“இந்த வருஷம் அந்த வாயை அடைக்கணும். அந்தப் பெரிய மான், கோணக்கொம்பன், எங்கே படுக்கிறான்னு கண்டுபிடிச்சிட்டேன். சதுப்புக்கு அந்தப் பக்கம், தேவதாருக் கூட்டத்துக்குள்ள. நடந்து போக முட்டி விடாது. ஏடிவின்னா மரத்துக்கு மரம் பூந்து அவன் வாசல்லயே போய் நிப்பேன். நீ உட்கார்ந்திருக்கியே, இந்த வீட்டை எங்கே கொண்டுபோய் நுழைக்கிறது?”

இர்மா அவரைக் கவனிக்கவில்லை.

“டுவேன், இது எவ்வளவு அகலம்?”

“அஞ்சடி இருக்கும், டீச்சர்.”

“இதைவிட அகலமா இருக்கா?”

“அகலம் எதுக்கு இப்போ?” என்றார் ரெய்னோ.

“உன் இடுப்பும் என் இடுப்பும் கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரியா இருக்கு?”

டுவேனுக்கு இருமல் வந்தது. ரெய்னோவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏடிவியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தார்.

“என் இடுப்பும் உன் இடுப்புமா? நீயா வரப்போறே?”

“பின்னே, பக்கத்துச் சீட்டுல பேஸ்டி சாப்பாட்டு டப்பாவையா உட்கார வைக்கப்போறே?”

“இத்தனை வருஷத்துல ஒரு தடவை வந்தியா நீ? துப்பாக்கிச் சத்தம் பிடிக்காது, குளிர் பிடிக்காதுன்னியே.”

“இப்போ பிடிக்குது. நீ பாட்டுக்குக் காட்டுல போய் உட்கார்ந்துடுவே. வேலையும் விட்டாச்சு, நான் வீட்டுல தனியா என்ன பண்றது?”

ரெய்னோ தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

“வாயை மூடிக்கிட்டு வருவியா? மானுக்குக் காது ரொம்பக் கூர்மை.”

“முயற்சி பண்றேன்.”

“வீட்டுல என்னிக்காவது பண்ணியிருக்கியா அந்த முயற்சியை?”

“நீ கேட்டதே இல்லையே.”

அவர் ஏடிவியைக் கடைசியாக ஒரு பார்வை பார்த்தார்.

“அப்போ தேவதாருக் கூட்டத்துக்குள்ள எப்படிப் போறது?”

“எதுக்குப் போகணும்? வெளியிலயே நிறுத்திட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பி குடிப்போம். அவன் வெளியே வராமலா போயிடுவான்?”

ரெய்னோ பெருமூச்சு விட்டார். “டுவேன், உள்ளதுலேயே அகலமானது எதுவோ அதையே கொடு.”

சாவியை வாங்கும்போது கடைக்காரனை ஓரமாக இழுத்தார். “இவ என் மேல இவ்வளவு பிரியம் வெச்சிருக்கான்னு எனக்கே தெரியாது, தம்பி. ஆர்வோ சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்” என்று டுவேனின் காதில் சொன்னார்.

அன்று மாலை சவுனா அறையின் நீராவிக்குள் ரெய்னோ உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். இர்மா ஆப்பிள்களை ஏப்ரனில் அள்ளிக்கொண்டு கொல்லை வேலிக்குப் போனாள்.

“கண்ணா…” என்று கூப்பிட்டாள்.

மரங்களுக்குள் சருகு நொறுங்கியது. இடக்கொம்பு காதுப் பக்கம் வளைந்த பெரிய கலைமான் ஒன்று வளர்ப்பு நாய்போலக் குடுகுடுவென்று ஓடிவந்து அவள் உள்ளங்கையில் மூக்கை நுழைத்தது.

“மெதுவாத் தின்னு. வண்டி உன் இடத்துக்குள்ள நுழையாது, அதை நான் பார்த்துக்கிட்டேன். அந்த மனுஷன் எவ்வளவு முறைச்சாலும் வழியெல்லாம் சத்தமாப் பேசிக்கிட்டேதான் வருவேன். ஆனா கண்ணா, என் குரல் கேட்டாலே இப்படி ஓடி வர்றியே, அன்னிக்கு மட்டும் ஓடிப் போகணும்னு உனக்கு எப்படிடா சொல்லிப் புரியவைப்பேன்?”