மூன்றாம் வரிசை மீசைக்காரர்

"அந்த மூண்டாம் வரிசை மீசைக்காரர் உயிரோடதான் இருக்கிறாரோ அக்கா?"

இடைவேளைக்குத் திரை விழுந்ததும் ரமீரோ கேட்ட முதல் கேள்வி அதுதான். நீட்டிய தண்ணீர்ப் போத்தலைக்கூட அவன் வாங்கவில்லை.

"உயிரோடதான். இப்ப ஒருக்கா இருமினவர்," என்றாள் ஜோசப்பின். மேடைக்குப் பின்னால் எல்லாவற்றையும் கவனிப்பது அவள் வேலை. ஒவ்வொரு பகிடிக்கும் சனம் எத்தனை விநாடி சிரித்தது என்று கொப்பியில் எழுதி வைப்பதும் அவள்தான்.

"இருமலோ, சிரிப்போ?"

"இருமல்தான்."

ரமீரோ கதிரையில் பொத்தென்று விழுந்தான். குவாத்தமாலாவில் பிறந்து, ஸ்காபரோவில் தமிழர் நிறைந்த மாடிக் கட்டடம் ஒன்றில் வளர்ந்தவன். ஸ்பானிஷை வீட்டிலும், ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்திலும், தமிழை லிஃப்ற்றிலும் படித்தவன். பன்னிரண்டு வருடமாகப் படங்களில் கள்வனாகவும் தோட்டக்காரனாகவும் தலைகாட்டிவிட்டுச் செத்துப்போகிறவன். மேடையில் மட்டும்தான் அவன் அவனாக இருந்து ஆட்களைச் சிரிக்க வைக்கிறான்.

இன்று கடைசி வரிசையில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டால் ரமீரோவுக்குச் சொந்த நிகழ்ச்சி. பிடிக்காவிட்டால் நாளையிலிருந்து ரூஜ் பகுதியில் மச்சானோடு குளியலறைகளுக்கு ஓடு பதிக்கும் வேலை. மச்சான் முழங்காலுக்குப் போடும் உறைகூட வாங்கி வைத்துவிட்டான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஹமில்ரனில் நடந்த நிகழ்ச்சிக்கும் வேறொரு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். அன்று சனம் முதல் நிமிடத்திலேயே சிரிக்கத் தொடங்கிக் கடைசிவரை ஓயவில்லை. வந்தவரோ பாதியில் எழும்பிப் போய்விட்டார். ஏன் என்று ரமீரோவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"போன மாதம் ஒஷாவாவில ஒரு தொப்பிக்காரர். இண்டைக்கு உவர். உங்கட ஆக்களுக்கு என்னில என்னக்கா கோவம்?"

"கோவமில்லையடா. எங்கட ஆக்கள் சிரிப்பைச் சேர்த்து வைச்சுப் பிறகு சிரிப்பினம்."

"பிறகு சிரிச்சு எனக்கு என்ன பிரயோசனம்? அகதிக் கேஸ் விசாரிக்கிற ஆள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். மிச்ச இருநூறு பேரும் சிரிக்கினம். என்ர கண் அவரிலதான் போய் நிக்குது."

"அப்ப அவரைப் பாராதை."

"பார்க்கத்தான் போறன். இண்டைக்கு அந்த மீசை ஆடாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டன்."

பகிடிகளை வரிசையாக எழுதியிருந்த தாளை அவள் கையிலேயே திருப்பித் திணித்துவிட்டு ரமீரோ மேடைக்குப் போனான்.

நேரே மேடையின் நுனிக்குப் போய், மீசைக்காரருக்கு எதிரே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். வழமை போல ஆங்கிலத்தில்தான் பேசினான். ஆனால் இதை அவன் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

"ஐயா, நான் பத்துப் படத்தில செத்திருக்கிறன். படம் வந்தால் அம்மா சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் அடிப்பா. 'பிந்தி வராதேங்கோ, என்ர பிள்ளை முதல் பத்து நிமிசத்துக்குள்ள செத்துப்போவான்' எண்டு."

அரங்கம் குலுங்கியது. மீசைக்காரர் அசையவில்லை.

"நான் செத்த உடன அம்மா எழும்பிடுவா. மிச்சப் படம் அவவுக்குத் தேவையில்லை. பின்னால வரிசையாய் இருபது சொந்தக்காரரும் எழும்புவினம்."

மீசைக்காரர் மேலுதட்டை ஒரு விரலால் அழுத்திக்கொண்டார். திரைக்குப் பின்னால் ஜோசப்பின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போன வருசம்தான் ஐயா, ஒரே ஒரு படத்தில கடைசி வரைக்கும் உயிரோட இருந்தன். கடைசிக் காட்சியில நான்தான் கதாநாயகியைக் காப்பாத்துறன். ஆனால் பழக்க தோசத்தில அம்மா பத்தாவது நிமிசமே எழும்பி வீட்டை போயிட்டா."

முன்வரிசையில் ஒருவர் கதிரையிலிருந்து சரிந்தார். கைதட்டல் அடங்க நாற்பத்தொரு விநாடி எடுத்தது. ஜோசப்பினின் கொப்பியில் அவ்வளவு பெரிய எண் முன்பு இருந்ததில்லை. மீசைக்காரர் மட்டும் கட்டிய கையை அவிழ்க்காமல் எழும்பி, எல்லாருக்கும் முன்னதாக வெளியே நடந்தார்.

தொலைக்காட்சிப் பெண் ஒப்பனை அறைக்கே வந்துவிட்டாள். "முதல் பாதியோடு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்," என்றாள். "நல்ல காலம், இருந்தேன். எட்டு வாரம் செய்வோமா?"

அவள் போனதும் ரமீரோ ஜோசப்பினைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். பிறகு மச்சானுக்கு போன் எடுத்து, உறையை இன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னான். எல்லாம் முடிந்ததும் முகம் கொஞ்சம் வாடியது.

"ஆனாலும் அந்த மனிசன் என்னை வெண்டிட்டாரக்கா."

"இன்னொரு நாளைக்கு மாட்டுவார், விடு," என்று சொல்லிவிட்டு ஜோசப்பின் பின்கதவால் இறங்கினாள்.

ஞாயிறு பின்னேர வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. கார்த் தரிப்பிடத்தின் கடைசித் தொங்கலில் ஒரு பழைய வான் தனியாக ஆடிக்கொண்டு நின்றது. ஜோசப்பின் கதவைத் திறந்தாள். உள்ளே அவளுடைய சித்தப்பா குலசிங்கம் ஸ்ரியரிங்கில் தலையைச் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் ஒழுக ஒழுகச் சிரித்துக்கொண்டிருந்தார். மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"இன்னும் சிரிச்சு முடியேல்லையோ சித்தப்பா?"

"எங்க பிள்ளை, இப்பதான் இடைவேளைக்கு முன்னம் சொன்ன பகிடியளுக்கே வந்திருக்கிறன்."

"கெதியா முடியுங்கோ. எல்லாரும் சிரிச்சால் அவன் ஹமில்ரனில மாதிரிச் சோம்பிப் போவான்," என்றபடி ஜோசப்பின் ஒஷாவாவில் போட்ட தொப்பிக்குப் பக்கத்தில் மீசையையும் கழற்றிப் பத்திரமாக வைத்தாள். "அடுத்த கிழமை கிச்சினர் மேடைக்குத் தாடி."