சின்னக் கட்டு

"இன்னாண்ணே, என்னைப் பாத்தா நோஞ்சானாட்டம் தெரியுதா? எனக்கு மட்டும் ஏன் சின்னக் கட்டு?"

அம்சவள்ளி சும்மாட்டைத் தரையில் வீசினாள். பெண்களுக்குக் கரும்பைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தானும் சுமக்கிற முனியன், அடுத்த கட்டைக் கட்டக் குனிந்துவிட்டான்.

வடக்கனந்தல் கரும்புக் காட்டில் சாய்த்த பலகையில் ஏறி லாரிக்கு லோடு ஏற்றும் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மேஸ்திரி பொன்னுரங்கம் பார்த்துவிட்டால்? அடுத்த வெட்டுக்குக் கூப்பிடவே மாட்டார். அதற்குப் பயந்துதானே, முழங்காலுக்குக் கீழே மூன்று வாரமாகக் குத்துகிற வலியை யாரிடமும் மூச்சு விடாமல் இருக்கிறாள்!

இந்த முனியனுக்கு அவள்மேல் என்ன காண்டோ.

சாயங்காலம் தனுஷா லேப்டாப்போடு வந்தாள். ரிஷிவந்தியத்துப் பெண். சென்னையில் எலும்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பத்து நாளாக எல்லோர் காலிலும் பட்டை மாட்டி நடையை எண்ணி, ஒவ்வொரு கட்டையும் எடை போட்டவள்.

"அக்கா, காலு வலிக்குதுதானே?"

"இல்லியே!"

"பொய் சொல்லாதீங்க. கட்டைத் தூக்கிக்கினு பலகையில ஒருவாட்டி ஏறினா எலும்புக்கு ஒன்னும் ஆவாது. தினம் நூறுவாட்டி ஏறினா, கண்ணுக்குத் தெரியாத கீறல் வுழும். ஓய்வு குடுத்தா எலும்பே அதை அடைச்சிக்கும். அதுக்குள்ள அடுத்த கீறல், அதுக்கடுத்த கீறல்னு வுழுந்துக்கினே இருந்தா, ஒருநாள் பலகை மேலயே ஒடிஞ்சிடும்."

அம்சவள்ளி முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்த்தாள். "எனக்கு எப்போ?"

"மத்தவங்க தூக்குற எடையைப் போட்டுப் பாத்தா, போன வாரமே ஒடிஞ்சிருக்கும்னு கம்ப்யூட்டர் காட்டுது. ஆனா உங்க கட்டு அஞ்சு கிலோ கம்மி. எடை கொஞ்சம் கொறஞ்சாலும் எலும்புக்கு ஆயுசு ரொம்பக் கூடும். அதான் தப்பிச்சீங்க. ஆஸ்பத்திரியில காட்டுங்க. கொஞ்ச நாளு லோடு வேணாம், ஒக்காந்து கரும்புல காஞ்ச சோகையை உரிங்க. மேஸ்திரிகிட்ட பேசிட்டேன், சரின்னுட்டாரு."

அம்சவள்ளிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. பெரிதாகக் கும்பிட்டாள்.

"நீ நல்லா இருக்கணும் கண்ணு! என் காலைக் காப்பாத்திக் குடுத்தியே!"

தனுஷா அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.

"நான் எடைதான்க்கா போட்டேன். உங்க கட்டுல கொறையுற அந்த அஞ்சு கிலோ, பத்து நாளும் முனியண்ணன் கட்டுல ஜாஸ்தியா இருக்கு."